கூலி வரும் நாளும் குடும்பத்தின் கவலையும்

கைத்தறி நெசவாளர் சங்கங்களுக்கும் விவசாயிகளின் கடன் சங்கங்களுக்கும் ஆய்வின் பொருட்டுச் செல்லுகையில், எந்தப் பேரேட்டிலும் எழுதப்படாத கணக்கு ஒன்றை நாம் அடிக்கடி காண நேர்கிறது. அங்கத்தினர் சங்கத்துக்கு வருகிறார், நூலைப் பெறுகிறார், நெய்த உருப்படியை ஒப்படைத்துக் கையொப்பமிட்டுச் செல்கிறார். அவர் வீட்டிலோ, இந்த மாதம் எவ்வளவு வரும், எந்த நாளில் வரும் என்பதை அறியாமல் அவருடைய மனைவி மனத்துக்குள் ஒரு கணக்கைப் போட்டுப் போட்டு அழித்துக் கொண்டிருக்கிறார். மாதச் சம்பளக்காரர் வீட்டில் கவலை இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே கவலைக்கு ஒரு தேதி உண்டு. மாதம் பிறந்தால் சிறிது தணியும். உருப்படிக் கூலிக்கு நெய்பவர் வீட்டிலும், வானத்தை நம்பி விதைப்பவர் வீட்டிலும் அந்தத் தேதி கிடையாது.

“எங்கள் வீட்டில் வீணாகக் கவலைப்படுகிறாள், ஐயா” என்று அங்கத்தினர் பலர் நம்மிடம் கூறியதுண்டு. அது வீண் கவலைதானா, அதனைக் குறைக்க ஆகக் கூடியது யாது என்பவற்றை இங்கே ஆராய எண்ணுகிறோம்.

இந்தக் கேள்வியை எட்டயபுரத்தில் இருந்து கொண்டு எழுப்பும்பொழுது ஒரு குடும்பம் நினைவுக்கு வராமல் போகாது. பாரதியாரின் தந்தை சின்னசாமி ஐயர் இவ்வூரில் பருத்தி ஆலை ஒன்றை ஏற்படுத்தி, அது நொடித்துப் போய், 1898-இல் காலமானார். அதற்கு முந்திய ஆண்டிலேதான் சிறுமியாகிய செல்லம்மாள் அக்குடும்பத்தில் மருமகளாக வந்திருந்தார். 1904-இல் ‘சுதேசமித்திரன்’ பத்திரிகையில் வேலை கிடைத்து மாதந்தோறும் சம்பளம் வந்த காலம் நெடிது நீடிக்கவில்லை. 1908-இல் பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றார். 1910-இல் ‘இந்தியா’ பத்திரிகை நின்றது. அதன் பிறகு 1918-இல் அவ்வூரை விட்டு வெளியேறும் வரையில், பத்திரிகைகளுக்கு எழுதியதில் எப்பொழுதோ வந்ததும் நண்பர்கள் கொடுத்ததுமே பெரும்பாலும் வரவு. இக்காலத்தில் ஒப்பந்தத்துக்கு எழுதுவோர், வரைவோர், தைப்போர் ஆகியோருக்கு உள்ள நிலை அதுவேயாம்.

அவரைப் பற்றி வழங்கும் கதையொன்றை எல்லோரும் அறிவர். கடன் வாங்கி வைத்திருந்த அரிசியை அவர் முற்றத்துக் குருவிகளுக்கு இறைத்து மகிழ்ந்தார் என்பது. மேடைகளிலே இக்கதையைச் சொல்வோர் கவிஞரின் கருணையைப் பாராட்டுவர், பாராட்டத் தக்கதுதான். ஆனால் அந்தக் கதையில் முறத்தைக் கையில் வைத்துக் கொண்டு நின்ற ஒருவரும் இருக்கிறார். அன்றைய உலைக்கு என்ன செய்வது என்பதை அவர்தாம் எண்ண வேண்டியிருந்தது. அவருடைய கவலையை யாராவது சிறுமை என்று சொல்வார்களாயின் நாம் ஒப்புக் கொள்ள மாட்டோம். செல்லம்மாள் அவர்களே பல ஆண்டுகளுக்குப் பின்னர், 1951-இல், திருச்சி வானொலியில் ‘என் கணவர்’ என்ற தலைப்பில் பேசியபொழுது, உலகியலோடு ஒட்டி வாழத் தெரியாதவரோடு வாழ்ந்ததன் கடினத்தையும் பெருமையையும் ஒருங்கே கூறினார். கடினத்தை மறைத்துப் பெருமையை மட்டும் அவர் சொல்லவில்லை என்பது நோக்கத்தக்கது.

பணக் கவலையில் இரண்டு வகை உண்டு. வருவது போதவில்லை என்பது ஒன்று. எப்பொழுது வரும் என்று தெரியவில்லை என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே வீட்டில் கலந்து கிடப்பதால் நாம் அவற்றை ஒன்றாகவே எண்ணிவிடுகிறோம். வங்காள தேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் ஏழைக் குடும்பங்களின் வரவு செலவை ஓராண்டுக் காலம் அடிக்கடி நேரில் சென்று கேட்டு எழுதிய ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் ஒரு நூல் வெளியிட்டனர். வருமானம் சிறியதாக இருப்பது மட்டுமன்று, அது ஒழுங்கின்றியும் முன்னறிய முடியாமலும் வருவது தனியொரு துன்பம் என்பது அதில் அவர்கள் கண்ட முக்கியமான உண்மை. நம் மாநிலத்திலும் ஓர் ஆராய்ச்சி நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னர் ஒருமுறையும் பின்னர் ஒருமுறையும் சந்தித்து, சிந்தனைத் திறனை அளக்கும் ஒரே வகையான சோதனைகளை வைத்தனர். முடிவு 2013-இல் வெளிவந்தது. பணம் கையில் வந்த பின்பு சிறப்பாகச் செய்த அதே மனிதர், அறுவடைக்கு முந்திய நெருக்கடியில் குறைவாகவே செய்தார். அறிவு மாறவில்லை, மனத்தின் ஒரு பகுதியைப் பணக் கவலை பிடித்துக் கொண்டிருந்தது. ஆகவே கவலைப்படுகிறவரைப் பார்த்து, ‘யோசித்துப் பேசு’ என்று கடிந்து கொள்வதில் பயனில்லை. யோசிப்பதற்கு வேண்டிய இடத்தையே கவலை அடைத்துக் கொண்டிருக்கிறது.

இனி நம் அனுபவத்தில் நேர்ந்த ஒன்றைக் கூறுவோம். அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அது பெருமைக்குரிய பங்கன்று.

எட்டயபுரத்தை அடுத்த ஓர் ஊரில், அங்கத்தினர்களின் கடன் நிலுவையை அவரவரிடம் நேரில் காட்டி ஒப்புதல் பெறுவதற்காக வீடு வீடாகச் சென்றோம். ஒரு வீட்டில் அங்கத்தினர் இல்லை. அவர் மனைவி ராட்டையில் தார் சுற்றிக் கொண்டிருந்தார். இன்னும் பல வீடுகள் பார்க்க வேண்டியிருந்த அவசரத்தில், “அவர் பெயரில் பன்னிரண்டாயிரம் நிலுவை நிற்கிறது, அம்மா. வந்ததும் சங்கத்தில் வந்து கையொப்பமிடச் சொல்லுங்கள்” என்று சொல்லிவிட்டோம். ராட்டை நின்றது. “பன்னிரண்டாயிரமா, ஐயா?” என்று கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அங்கத்தினரிடமே காட்ட வேண்டிய கணக்கை வாசலில் நின்று உரக்கச் சொன்னது நம்முடைய பிழை. அதற்காக இன்றும் வருந்துகிறோம்.

மாலையில் அவர் சங்கத்துக்கு வந்து நம்மிடம் கோபித்துக் கொண்டார். கோபம் நியாயமானது. பேசிப் பேசி அது அடங்கிய பின்னரே மற்றொரு செய்தியும் வெளிப்பட்டது. சங்கத்தில் நூல் குறைந்து, ஒரு பாவுக்கும் அடுத்த பாவுக்கும் இடையே தறி பல நாட்கள் வெறுமனே நின்ற ஆண்டு அது. அந்நாட்களில் வெளியூர் வியாபாரி ஒருவரிடம் 10,000 ரூபாயை நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டியில் வாங்கியிருந்தார். மனைவியிடம், வேலை குறைவின்றி நடக்கிறது என்றே சொல்லி வந்தார். “சொன்னால் அவள் தூங்கமாட்டாள்” என்பது அவர் கூறிய காரணம்.

மறுநாள் அந்த அம்மாள் வந்தார். கையில் அடகுக் கடைச் சீட்டு ஒன்று இருந்தது. கணவர் பேச்சைக் குறைத்துக் கொண்டதைக் கண்டு, ஏதோ நெருக்கடி என்று உணர்ந்து, பிள்ளையின் பள்ளிச் செலவுக்காகத் தம் தோட்டினை 9,000 ரூபாய்க்கு அடகு வைத்திருந்தார். தோடு தாய் வீட்டில் இருப்பதாகக் கணவரிடம் சொல்லியிருந்தார். அதற்கு நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. “சொன்னால் அவர் மனம் உடைந்து போவார்” என்றார் அவரும்.

கணவர் கட்டிய வட்டி மாதம் 300 ரூபாய். மனைவி கட்டியது 180. ஆக, ஒருவரையொருவர் கவலைக்குள்ளாக்காமல் இருப்பதற்காக அக்குடும்பம் மாதந்தோறும் செலுத்திய தொகை 480 ரூபாய். அது கவலையைக் குறைத்ததா என்றால், அதுவும் இல்லை. கணவர் மறைக்கிறார் என்பது மனைவிக்குத் தெரிந்தே இருந்தது. எதை மறைக்கிறார் என்பதுதான் தெரியாதிருந்தது. தெரியாத கடன் மனத்திலே பெருகிக் கொண்டே போகும். “நான் ஐம்பதாயிரம் இருக்குமோ என்று நினைத்திருந்தேன், ஐயா” என்று பின்னொரு நாள் அந்த அம்மாள் நம்மிடம் சொன்னார்.

அவர்கள் செய்தது இது. தோட்டை மீட்டு, கூட்டுறவு வங்கியில் நகைக் கடனாக வைத்து, அந்தத் தொகையைக் கொண்டே வியாபாரியின் கடனையும் அடகுக் கடையையும் தீர்த்தனர். வட்டி மூன்றில் ஒரு பங்களவுக்குக் குறைந்தது. அந்த யோசனை மனைவியினுடையது. நகை தம்முடையது, எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்ய வேண்டும் என்று அவர் சொன்னார். சங்கத்தின் 12,000 ரூபாய் உடனே தீரவில்லை. கூலியில் சிறிது சிறிதாகப் பிடித்து, ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

இத்தகைய குடும்பம் கணக்கை எங்ஙனம் வகுத்துக் கொள்ளலாம் என்பதற்கு ஓர் உதாரணம் காட்டுவோம். தொகைகள் விளக்கத்துக்காக நாம் வைத்துக் கொண்டவை; அவரவர் தம் கூலிப் புத்தகத்தைப் பார்த்து மாற்றிக் கொள்ள வேண்டும். ஒரு வீட்டின் ஆண்டுக் கூலி 96,000 ரூபாய் என்க. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 8,000. இதனைக் கேட்டவுடன் மாதம் 8,000 ரூபாய் செலவு செய்யலாம் என்று தோன்றும். அங்கேதான் தவறு நிகழ்கிறது. அடைமழையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட இயலாது. தறிக்குழியில் ஈரம் ஏறும். பண்டிகை விற்பனை முடிந்த பின் மந்தமும் சேரும். அந்த மூன்று மாதங்களில் 2,500, 3,500, 4,000 என்று மொத்தம் 10,000 ரூபாயே வருவதாகக் கொள்வோம். எஞ்சிய ஒன்பது மாதங்களில் 86,000.

வீட்டுச் செலவுக்கு மாதம் 6,500 ரூபாய் என்று இருவரும் சேர்ந்து வரையறுத்துக் கொண்டால், மெலிந்த மூன்று மாதங்களுக்கு வேண்டியது 19,500. வரவு போகக் குறைவது 9,500. அதாவது, மழை தொடங்கும் முன்பு 9,500 ரூபாய் ஒதுக்கில் இருக்குமானால் அந்த மூன்று மாதங்களும் மற்ற மாதங்களைப் போலவே கழியும். நல்ல மாதங்களில் மிஞ்சுவது 27,500. அதிலிருந்து இந்த 9,500 போக, தறிப் பழுது, மருத்துவம், பள்ளி, விசேஷம் ஆகியவற்றுக்கு 18,000 நிற்கும். பெரிய தொகை அன்றுதான். ஆயினும் நோக்குக: ‘மழைக்காலம் வந்தால் என்ன செய்வோம்’ என்ற எல்லையற்ற அச்சம், 9,500 ரூபாய் என்னும் எல்லைக்குள் வந்துவிட்டது. அதில் 4,000 சேர்ந்திருந்தால் பாக்கி 5,500 என்று சொல்ல முடிகிறது. இவ்வாறு எண்ணில் அடங்கிய கவலையோடு இருவரும் உட்கார்ந்து பேச முடியும்.

நல்ல மாதத்தில் 13,000 ரூபாய் வந்தாலும் வீட்டுக்கு 6,500-தான் என்று நிற்பது எளிதன்று என்பதை நாம் அறிவோம். கை நிறைந்த மாதத்தில் பழைய குறைகள் யாவும் ஒருங்கே நினைவுக்கு வரும். அதனால்தான் ஒதுக்குத் தொகை வேறொரு கணக்கில், கூடுமானால் மனைவியின் பெயரில், இருப்பது நன்று. கூலியிலிருந்து ஒரு பகுதியைப் பிடித்து அரசும் தன் பங்கினைச் சேர்க்கும் நெசவாளர் சேமிப்புத் திட்டம் நம் சங்கங்களில் இருக்கிறது, அது முதுமைக்கானது. அதையும் மழைக்கால ஒதுக்கையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்ளலாகாது.

தேதியின் மதிப்பை விளக்க மற்றொன்று சொல்ல வேண்டும். தமிழக அரசு 2023 செப்டம்பர் 15-ஆம் நாள் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியபொழுது அது மாதம் 1,000 ரூபாயாக இருந்தது. கூலியோடு ஒப்பிட்டால் சிறிது. ஆனால் நெசவாளர் வீட்டுப் பெண்கள் பலர், கணவரின் பெரிய கூலியைக் காட்டிலும் அந்தச் சிறிய தொகையை வைத்தே மளிகைக் கடைக்கு வாக்குக் கொடுத்ததை நாம் கண்டோம். அவர்கள் வாக்குக் கொடுத்தது தொகையை நம்பியன்று, நாளை நம்பி.

கரிசல் நிலத்து விவசாயியின் வீட்டில் இந்த விஷயம் இன்னும் கடுமையானது. நெசவாளருக்குச் சில வாரங்களில் கூலி வரும். இவருக்கு ஆண்டுக்கு ஒரு பருவந்தான். ஆவணி, புரட்டாசியில் உழவுக்கும் விதைக்கும் உரத்துக்கும் கையிலுள்ளது போய்விடும். உளுந்து, பாசி, மக்காச்சோளம், கம்பு எதுவாயினும் பணம் திரும்புவது தை, மாசியில். பருத்தியும் மிளகாயும் அதற்கும் பின்னர். இடைப்பட்ட ஐப்பசி, கார்த்திகையில் விதை மண்ணிலும் நகை வங்கியிலும் இருக்க, வீட்டிலுள்ளவர் வானத்தைப் பார்த்திருப்பார். மழை பெய்யாவிட்டாலும் அச்சம், மிகுந்து பெய்தாலும் அச்சம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டிய பெருமழையில் நின்ற பயிர் நீரில் மூழ்கியதைக் கண்டவர்களிடம், ‘மழை வந்தால் எல்லாம் சரியாகும்’ என்று ஆறுதல் சொல்ல இயலாது.

இங்கே கணவர் செய்யத் தக்க முதற் காரியம், பயிர்க் காப்பீட்டைப் பற்றி மனைவிக்குச் சரியாகச் சொல்வது. 2016-இல் வந்த பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி செலுத்தும் பங்கு, காப்பீட்டுத் தொகையில் காரிப் பருவ உணவுப் பயிர்களுக்கு 2 சதவீதம், ராபிப் பருவத்துக்கு 1.5 சதவீதம், பருத்தி போன்ற பணப் பயிர்களுக்கு 5 சதவீதம் என்று வரையறுக்கப்பட்டது. 2020 முதல் கடன் பெற்றவர்க்கும் இது கட்டாயமன்று. ஆகவே, ‘கடன் வாங்கினோமே, பிடித்திருப்பார்கள்’ என்று எண்ணி இருந்துவிடக் கூடாது. மேலும், பொதுவாக இழப்பீடு தனித்தனி வயலைப் பார்த்துக் கணக்கிடப்படுவதில்லை. அறிவிக்கப்பட்ட பகுதி முழுவதற்கும் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, சராசரி விளைச்சல் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால்தான் கிடைக்கும். ஆலங்கட்டி மழை போன்ற சில இடர்களுக்கு மட்டும் தனி வயல் பார்க்கப்படும். அதற்கு 72 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். இதனை அறியாத வீட்டில், ‘இன்ஷூரன்ஸ் வரும்’ என்ற ஒரு சொல்லை நம்பி மாதக் கணக்கில் காத்திருந்து, பின்னர் ஏமாற்றம் முழுவதும் கணவன் மனைவிக்கிடையே சண்டையாக முடிகிறது. காப்பீட்டு ரசீது, அதில் எழுதியுள்ள சர்வே எண், வங்கிக் கணக்கு எண் இவற்றை இருவரும் ஒருமுறை சேர்ந்து சரிபார்த்து, ரசீதை மனைவியின் கையிலேயே கொடுத்து வைக்கலாம். நகைக் கடனின் மீட்புத் தேதியையும் சுவர் நாட்காட்டியில் குறித்து வைக்கலாம்.

பேச்சு முறையைப் பற்றியும் சில சொற்கள். ‘கவலைப்படாதே’ என்பது ஆறுதல் போலத் தோன்றினும், கேட்பவருக்கு ‘இனி இதைப் பற்றிக் கேளாதே’ என்றே அது ஒலிக்கும். அதற்குப் பதிலாகத் தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்வது மேல்: “இந்தப் பாவில் பாதி முடிந்தது, பத்து நாளில் ஒப்படைப்பேன், அடுத்த பாவு கிடைக்குமா என்று தெரியாது.” கடைசி வாக்கியத்தைச் சொல்லத் தயங்குவோர் பலர். ஆனால் அதனை மறைக்காமல் சொன்னவரின் முதல் இரண்டு வாக்கியங்களைத்தான் வீட்டார் நம்புவர். பேசுவதற்குக் கூலி வந்த மறுநாளைத் தேர்ந்து கொள்க. விவசாயியாயின் விளைபொருள் விற்ற வாரம். பணமில்லாத நாளின் இரவில், பிள்ளைகள் உறங்கிய பின் தொடங்கும் கணக்குப் பேச்சு பெரும்பாலும் பழைய குற்றங்களில் போய் முடியும். மனைவி தீப்பெட்டி ஒட்டியோ தையல் தைத்தோ உருப்படிக் கூலி பெறுபவராகவும், கவலையுறுபவர் கணவராகவும் இருக்கும் வீடுகளும் நம் பகுதியில் உண்டு. சொன்னவை அவர்களுக்கும் பொருந்தும். உறக்கமின்மை வாரக் கணக்கில் நீண்டாலும், உணவு வெறுத்தாலும், வாழ்வே வேண்டாம் என்ற சொல் வந்தாலும், அது கணக்குப் புத்தகத்தால் தீர்வதன்று. அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 2022-இல் தொடங்கப்பட்ட 14416 என்ற மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

அங்கத்தினர்களுக்கு இவ்வளவு சொன்ன பின்னர் சங்கங்களைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வீட்டுக் கவலையின் ஒரு பாதி சங்கக் காரியாலயத்திலேயே பிறக்கிறது. இந்த மாதம் ஒவ்வொரு தறிக்கும் எத்தனை பாவு கொடுக்க முடியும் என்பதை மாதத் தொடக்கத்தில் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க ஒரு துண்டுச் சுண்ணாம்புக் கட்டி போதும். குறைவாகக் கொடுப்பதாயினும், குறைவு என்று முன்னரே சொல்லிவிட்டால் குடும்பம் வேறு வழி தேடிக் கொள்ளும். கூலி தாமதமானால் எத்தனை நாள் தாமதம் என்பதையும் அவ்வாறே எழுதலாம். முன்பெல்லாம் கூலி ரொக்கமாக வீட்டுக்கு வந்து மனைவியின் கையில் எண்ணப்படும். இப்பொழுது வங்கிக் கணக்கில் வரவாகிறது. செய்தி கணவரின் கைபேசிக்குப் போகிறது. இது கையாடலைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் நூல் இழைத்து, தார் சுற்றி, அந்தத் துணியில் பாதி உழைப்பைச் செலுத்திய பெண்ணின் கண்ணுக்குக் கூலி தென்படாமற் போயிற்று. கூலிப் பட்டியலின் நகலொன்றை வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சங்கங்களை நாம் கேட்டு வருகிறோம். சில சங்கங்கள் செய்கின்றன.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆண்டுக் கூலி முழுவதும் கூட்டினாலும் குடும்பத்துக்குப் போதாது என்றால், அதை எத்தனை வகையாகப் பங்கிட்டாலும் போதாதுதான். அங்ஙனமாயின் கவலை நியாயமான எச்சரிக்கை. கூலி உயர்வைக் கேட்பதா, மற்றொரு தொழிலைச் சேர்த்துக் கொள்வதா, தறியை விடுவதா என்பதை இருவரும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டியிருக்கும். கணக்கு எழுதிப் பார்த்தபின் தறியை விட்டவர்களும் உண்டு. அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை.

முன்னே சொன்ன அந்தத் தம்பதியை அண்மையில் ஆய்வுக்குப் போனபொழுது மறுபடியும் கண்டோம். நிலுவை தீர்ந்த பக்கத்தில் இம்முறை அங்கத்தினரே கையொப்பமிட்டார். மழை ஒதுக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டோம். அவர் மனைவியைப் பார்த்தார். “ஆறாயிரத்து இருநூறு, ஐயா, இன்னும் மூவாயிரத்துச் சொச்சம் வேண்டும்” என்றார் அந்த அம்மாள். கவலை போய்விட்டதா என்று கேட்டதற்கு, அது எங்கே போகும் என்று சிரித்துவிட்டு, சனிக்கிழமைதோறும் தாம் கேட்பதாகவும் இப்பொழுதெல்லாம் அவர் பதில் சொல்வதாகவும் கூறி, மீண்டும் ராட்டையைச் சுற்றலானார்.